பள்ளிக்கூட நிதியும் பெற்றோரின் முறையீடும்

கல்விக்கு உதவுவது நன்மையான காரியம். வகுப்பறை கட்டவும், குடிநீர்த் தொட்டி அமைக்கவும், ஏழை மாணவருக்குச் சீருடை வாங்கவும் பள்ளிக்கூடங்கள் நிதி திரட்டுகின்றன. அதற்காகப் பிள்ளைகள் கையில் சில பொருள்களைக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் விற்றுவரச் சொல்வதும் உண்டு. அப்பொருள் நோட்டுப் புத்தகமாகவோ தின்பண்டமாகவோ இருந்தால் கேள்வியே இல்லை. சிலுவை கோத்த மாலையாகவோ, சாமி சிலையாகவோ இருந்துவிட்டால் நம் வீடுகளில் கலக்கம் பிறக்கிறது. விற்காமல் போனால் டீச்சர் கோபிப்பார் என்று பிள்ளை அழுகிறது. இதைத் தொடவே கூடாது என்று உம்மா அதட்டுகிறார். இந்த நேரத்தில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழி என்ன?

மார்க்கச் சட்டம்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றை விற்பது தடுக்கப்பட்டது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. சிலையை வணங்குவது மட்டுமன்று, விற்பதும் கூடாது என்பது இதிலிருந்து தெளிவு. நிதியின் நோக்கம் நல்லது என்பதால் ஆகாத பொருள் ஆகுமானதாகிவிடாது. சிலுவை போன்ற பிற சமய வணக்கச் சின்னங்களையும் ஆலிம்கள் பலர் இந்தச் சட்டத்தில் சேர்த்துள்ளனர். குலுக்கல் பரிசுச் சீட்டில் சமயச் சின்னம் ஏதும் இராது; ஆயினும் அது சூதின் பாற்பட்டது. சூதை விலக்கும் கட்டளை அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தில் இருக்கிறது.

அதற்காகச் சகோதர சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு எதுவுமே கொடுக்கலாகாது என்று நினைப்பதும் தவறு. நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தாகும் வேளையில், அவர்களுடைய போர்க் கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. நம்மோடு பகை பாராட்டாதவர்களுக்கு நன்மை செய்வதையும், நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா 8-ஆம் வசனம் கூறுகிறது.

சின்னத்தை மாற்றலாம், தொண்டை விட வேண்டாம்

போரில் காயமுற்றோருக்கு உதவும் செஞ்சிலுவைத் தொண்டின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. 1876-இல் உதுமானியப் பேரரசு, சிலுவைச் சின்னம் முஸ்லிம் வீரர்களின் மனத்தை உறுத்தும் என்று எடுத்துச் சொல்லி, தன் மருத்துவ வண்டிகளில் செம்பிறையைப் பொறித்தது. எதிர்த்தரப்பின் செஞ்சிலுவையையும் மதிப்போம் என்று உறுதி கூறியது. காயமுற்றோரைக் காக்கும் தொண்டிலிருந்து அது விலகிவிடவில்லை. 1929-இல் ஜெனீவா ஒப்பந்தம் செம்பிறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நம் முறையீடும் இவ்வாறே அமைய வேண்டும்.

முறையிடும் ஒழுங்கு

1. முதலில் விசாரியுங்கள். கேள்விப்பட்ட செய்தியை ஆராயாமல் நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்பது அல்ஹுஜுராத் 6-ஆம் வசனத்தின் பாடம். பொருளை நேரில் பாருங்கள். திரட்டும் பணம் எதற்குச் செல்கிறது என்றும் கேளுங்கள்.

2. பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். வகுப்பில் எழுந்து நின்று மறுக்கும் சுமை பிஞ்சுத் தோளுக்கு ஆகாது. வாப்பாவோ உம்மாவோ நேரில் செல்ல வேண்டும்.

3. கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். பிர்அவ்னிடம் சென்ற மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவருக்குமே மென்மையாகப் பேசும்படிதான் கட்டளை வந்தது. நம் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் தலைமையாசிரியரிடம் கடுஞ்சொல் எதற்கு?

4. அப்பொருளை இழிவாகப் பேசாதீர்கள். பிறர் வணங்குபவற்றை ஏசுவதை அல்அன்ஆம் 108-ஆம் வசனம் தடுக்கிறது. இது எங்கள் மார்க்கத்தில் ஆகாது என்று சொன்னால் போதும்.

5. மாற்று வழியோடு செல்லுங்கள். பள்ளியின் பொதுத் தேவைக்கான நிதியாக இருந்தால், விற்கச் சொன்ன தொகையை நன்கொடையாகக் கொடுக்கலாம்; பேனா, பென்சில் போன்ற வேறு பொருளைக் கேட்டு வாங்கி விற்கலாம். வழிபாட்டு இடம் கட்டும் நிதி என்று தெரிந்தால் பணிவோடு விலகிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே துணை நிற்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையங்களில், பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகளைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. பொருள் விற்பனையைப் பற்றி அப்பிரிவு தனியாகப் பேசவில்லை. ஆயினும் பெற்றோரின் இசைவு வேண்டும் என்னும் அதன் கருத்தை மரியாதையோடு நினைவூட்டலாம்.

நம் பள்ளிகளில்

இதுவரை கூறியது பாதிப் பாடமே. முஸ்லிம்கள் நடத்தும் பள்ளிகளிலும் சகோதர சமயப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். ஆயத்துகள் எழுதிய சட்டத்தையோ, பள்ளிவாசல் கட்டிட நிதி ரசீதையோ அந்தப் பிள்ளைகள் கையிலும் கொடுத்து விற்றுவரச் சொன்னால், அவர்களுடைய தாய் தந்தையர் மனம் என்ன பாடுபடும்? தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்பச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்? மேலும், விருப்பமில்லாதவர் கையில் ஆயத்துகளைக் கொடுத்தால், அவற்றுக்குரிய கண்ணியம் எப்படிக் காக்கப்படும்?

ஆகவே நம் நிர்வாகிகள், விற்பனைப் பொருள் இன்னதென்று பெற்றோருக்கு முன்னதாகவே எழுதித் தெரிவிக்க வேண்டும். முறையீடு வந்தால் இடைமறிக்காமல் கேட்டு, காலம் தாழ்த்தாமல் பதில் சொல்ல வேண்டும். விலகும் பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிப்பதோ, மதிப்பெண்ணில் கை வைப்பதோ அநீதி. எல்லாச் சமயப் பிள்ளைகளும் தயங்காமல் எடுத்துச் செல்லும் பொருளே பள்ளி நிதிக்கு ஏற்றது. 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-இல் கொடி நாள் நிதி திரட்டப்படுகிறது. அந்தச் சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ள எவரும் தயங்குவதில்லை.

நம் பிள்ளைக்கு நாம் கேட்கும் நீதியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கும்போதுதான் நம் முறையீட்டுக்கு மதிப்பு உண்டாகும். ஈமானைக் காத்து, அண்டை அயலாரின் அன்பையும் காத்து வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.