சென்னையா, பெங்களூருவா: பொருநைக் கரையிலிருந்து கணினி வேலைக்குச் செல்வோருக்கான ஒப்பீடு

பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைக் கல்லூரிகளில் பொறியியல் படித்து முடிப்போருக்கும், சில ஆண்டுகள் பணியாற்றிய பின் நிறுவனம் மாற முனைவோருக்கும் பெரும்பாலும் எதிர்ப்படுகிற இரு நகரங்கள் சென்னையும் பெங்களூருவுமே. கங்கைகொண்டானில் எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் நாங்குநேரியில் திட்டமிடப்பட்ட தொழில்நுட்பப் பூங்காவும் எதிர்பார்த்த அளவுக்கு வேலைகளைத் தரவில்லை என்பதால், ஊரைவிட்டுப் போவதா என்ற கேள்வியைக் காட்டிலும் எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வியே வீடுகளில் அதிகம் பேசப்படுகிறது. அப்பேச்சு வழக்கமாகச் சம்பளத்தில் தொடங்கிச் சம்பளத்திலேயே முடிந்துவிடுகிறது. முதல் சம்பளமோ ஓரிரு ஆண்டுகளுக்கு உரியது. நகரம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது. ஆகவே அந்த நகரில் இரண்டாவது வேலை எவ்வளவு எளிதாகக் கிடைக்கும், வீட்டில் ஒரு தேவை எழுந்தால் ஊருக்கு எவ்வளவு விரைவாக வந்துசேர முடியும் என்ற இரண்டையும் முதன்மையாக வைத்து, ஏனையவற்றை அவற்றுக்குக் கீழே வரிசைப்படுத்துவதே பொருத்தமான முறை.

சம்பளத்தை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது சிடிசி எனப்படும் தொகையின் உள்ளடக்கம். ஊழியர் ஒருவருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடுவதாகக் கணக்கிடும் மொத்தத் தொகையே சிடிசி. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும், பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகையும், மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும், செயல்திறனைப் பொறுத்து மட்டுமே தரப்படும் மாறும் ஊதியமும் அதற்குள் அடங்கிவிடுவதால், மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும் தொகை அதைப் பன்னிரண்டால் வகுத்துக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, சென்னை நிறுவனம் 8,00,000 ரூபாயும் பெங்களூரு நிறுவனம் 9,50,000 ரூபாயும் தர முன்வருவதாகக் கொள்வோம். வேறுபாடு மாதத்துக்கு 12,500 ரூபாய். ஒத்த வசதியுள்ள வீட்டுக்குச் சென்னையில் 18,000 ரூபாயும் பெங்களூருவில் 28,000 ரூபாயும் வாடகை என்றால், மிஞ்சுவது 2,500 ரூபாய்தான். பெங்களூரு தரும் தொகையில் ஒரு பகுதி மாறும் ஊதியமாக இருந்தால் அதுவும் மிஞ்சாது. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. கணக்கிடுபவர் தாம் வேலை செய்யப்போகும் அலுவலகத்தைச் சுற்றியுள்ள பகுதியின் வாடகையை விசாரித்து, அதை இவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாடகையோடு சேர்ந்தது அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கினால் சட்டத்தின் வலிமை குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் பேரம் பேசுபவருக்கு அது ஒரு பிடிமானம். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து, பின்னர் பல பகுதிகளில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருக்கிறது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஒன்றரை லட்சம் ரூபாயைத் திரட்ட வேண்டிய நிலையில், பல வீடுகளில் நகையை அடகு வைத்தே அது நடக்கிறது என்பதால், வட்டியையும் பெங்களூருக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை அதிகம் ஆராயத் தேவையில்லை. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் வீட்டு வாடகைப்படி விலக்குக்குச் சென்னைக்கு ஐம்பது விழுக்காடும் பெங்களூருவுக்கு நாற்பது விழுக்காடும் வரம்பு வைத்திருந்தது பழைய வரிமுறையில் இருப்போரையே பாதித்தது. 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 ரூபாய் வரை வரி இல்லாததால், மேலே கூறிய இரு சம்பளங்களுக்கும் அந்த வேறுபாடு பொருளற்றது. தொழில் வரி எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பிட்டுள்ளதால், அதையும் ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது வேலையே இந்த ஒப்பீட்டின் மையம். மென்பொருள் தொழிலில் ஊதியம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குள் ஏறுவதைவிட நிறுவனம் மாறும்போதே கூடுதலாக ஏறுகிறது. ஆட்குறைப்பு நேரும்போது அதே நகரில் வேறு வாசல்கள் இருந்தால்தான் குடும்பத்தைப் பெயர்க்காமல் பிழைக்க முடியும். இந்த நோக்கில் இரு நகரங்களும் வெவ்வேறு வரலாறுகளால் வெவ்வேறாக உருவானவை. பெங்களூருவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பாரத் எலக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் இந்திய அறிவியல் கழகமும் உருவாக்கியிருந்த பொறியாளர் கூட்டம் ஏற்கெனவே இருந்ததால், 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அங்கு வடிவமைப்பு மையம் திறந்தது. அதன்பின் சில்லு வடிவமைப்பு, இயங்குதளம், தேடுபொறி போன்ற ஆழமான துறைகளின் பன்னாட்டு நிறுவனங்களும், 2007இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் வழியே வளர்ந்த புதுநிறுவனங்களும் அங்கேயே குவிந்தன. சென்னையில் 1994இல் தோன்றிய காக்னிசன்ட், 2000இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, சிறுசேரி சிப்காட் வளாகம் ஆகியவற்றைச் சுற்றிச் சேவைத்துறை வேரூன்றியது. சேவைத்துறை என்பது தனக்கென ஒரு பொருளை உருவாக்காமல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் மென்பொருளை எழுதிப் பராமரித்துத் தரும் தொழில். அதனோடு சோஹோவும், 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் இடம்பெற்ற ஃபிரெஷ்வொர்க்ஸும் வழிகாட்ட, சந்தா முறையில் இணையவழி விற்கப்படும் மென்பொருளை ஆக்கும் நிறுவனங்கள் பெருகின. ஒரகடம், மறைமலைநகர்ப் பகுதிகளின் வாகனத் தொழிற்சாலைகள் வாகன மின்னணுவியலுக்கும் தேவையை உண்டாக்கின.

ஆகவே கேட்க வேண்டியது எந்த நகரம் பெரியது என்பதன்று, தாம் செய்யும் குறிப்பிட்ட வேலைக்கு அந்நகரில் எத்தனை நிறுவனங்கள் ஆள் தேடுகின்றன என்பதே. சில்லு வடிவமைப்பையோ, பெரும் அளவிலான கணினி அமைப்புகளை உருவாக்குவதையோ தம் துறையாகக் கொண்டவர் சென்னையில் ஒரு நல்ல வேலையைப் பெறலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்புகள் பெங்களூருவில்தான் அடர்த்தியாக உள்ளன. மாறாக, மென்பொருள் சோதனை, வங்கித்துறை மென்பொருள், வாகன மின்னணுவியல், சந்தா மென்பொருள் ஆகியவற்றில் இருப்பவர் சென்னையிலேயே பல வாசல்களைக் காண்பார். அவர் வெறும் பெயருக்காகப் பெங்களூரு செல்வதில் பயன் சிறிது. கையெழுத்திடும் முன் தம் துறையில் இரு நகரங்களிலும் வெளியாகும் வேலை அறிவிப்புகளை ஒரு மாதம் தொடர்ந்து எண்ணிப் பார்ப்பது, அறிந்தவர் பத்துப் பேரின் அறிவுரையைவிட உறுதியான சான்று.

ஊருக்குத் திரும்பும் வழியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பெங்களூரு வேற்று மாநிலத்தில் இருப்பதால் தொலைவானது என்று கருதப்படுகிறது. உண்மையில் நெல்லையிலிருந்து சாலை வழியே இரண்டும் ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர்தான். மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், ஓசூர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நெல்லையையும் பெங்களூருவையும் நேரே இணைக்கிறது. வேறுபாடு தூரத்தில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. சென்னைக்கு நெல்லை, கன்னியாகுமரி, அனந்தபுரி, செந்தூர் விரைவு வண்டிகள் உள்ளன; தென்காசிப் பக்கத்தாருக்குச் செங்கோட்டையிலிருந்து பொதிகை உண்டு; 2023 செப்டம்பர் 24இல் தொடங்கிய நெல்லை வந்தே பாரத் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் பகலிலேயே கொண்டுசேர்க்கிறது. பெங்களூருவுக்கோ நாகர்கோவில் விரைவு வண்டி போன்ற மிகச் சிலவே உள்ளன. 2024 ஆகஸ்ட் 31இல் தொடங்கிய பெங்களூரு வந்தே பாரத் மதுரையோடு நின்றுவிடுகிறது. ஆகவே பெங்களூருவில் இருப்பவர் பண்டிகைக் காலத்தில் ஆம்னி பஸ்ஸையே நம்ப நேர்கிறது. அப்போது அதன் கட்டணம் எப்படி ஏறும் என்பதை நெல்லைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், வண்டிகள் குறைவான வழித்தடத்தில் போட்டி இன்னும் கடுமையாகிறது. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் இரு நகரங்களுக்கும் பயன்படும். எனினும் அவசரத்தில் வாங்கும் விமானச் சீட்டின் விலையை மாதச் செலவாகக் கருத முடியாது.

விடுமுறை நாட்களின் அமைப்பும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பொங்கல் தமிழ்நாட்டில் பல நாள் விழா. கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாள் விடுமுறை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும், கோடையிலும் ஆடியிலும் நடக்கும் அம்மன் கோயில் கொடைகளுக்கும் வந்தே தீர வேண்டிய குடும்பத்தினருக்கும், பிசான அறுவடையில் துணை நிற்க வேண்டியவர்களுக்கும், இரு வார இறுதிகளுக்கு நடுவே வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் அனுமதிக்கிறதா என்பது சில ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிட மதிப்புள்ளது. சென்னையிலேயே எந்தப் பகுதியில் குடியிருப்பது என்பதும் இதைப் பொறுத்தது: தென்மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுவதாலும், நெல்லை வண்டிகள் தாம்பரத்தில் நிற்பதாலும், தாம்பரம், வண்டலூர்ப் பகுதிகள் வடசென்னையைவிட நெல்லைக்கு இரண்டு மணி நேரம் அருகில் உள்ளன என்று சொல்லலாம்.

வற்றாத ஆற்றின் கரையில் வளர்ந்தவர் வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 2024 கோடையில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, புறநகர் அடுக்ககங்கள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டாலும், பார்க்கும் கட்டடத்துக்குக் குழாய் இணைப்பு வந்துவிட்டதா என்று நேரில் கேட்பதே நலம். வெள்ளத்தில் சென்னைக்கு ஒரு தனிக் குறை உண்டு. வடகிழக்குப் பருவமழை சென்னையையும் தாமிரபரணிக் கரையையும் ஒரே பருவத்தில் தாக்குகிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது; இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்த பெருமழையில் பொருநை கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் பயணிகளும் சிக்கிக்கொண்டனர். அத்தகைய நாட்களில் எந்த நகரிலிருந்தும் ஊருக்கு வர இயலாது என்பதால், பெற்றோர் தனித்து வாழும் வீடு ஆற்றோரத்தில் இருந்தால் பக்கத்து வீட்டாரோடு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொள்வதே நகரத் தெரிவைவிடப் பயனுள்ள காப்பு.

மொழி, தனியாக இருக்கும் இளைஞருக்குப் பெரும் தடையாவதில்லை. அல்சூரில் 1950 முதல் தமிழ்ச் சங்கம் இயங்கும் நகரம் பெங்களூரு. 1991லும் 2016லும் காவிரிச் சிக்கலையொட்டி நேர்ந்த வன்முறையை மறைக்க வேண்டியதில்லை என்றாலும், அன்றாட வாழ்வு அந்த நாட்களைப் போன்றதன்று. குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் வயதில்தான் கேள்வி கூர்மையடைகிறது. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் என்பதால், தமிழ் எழுத்தை வீட்டில்தான் கற்றுத்தர வேண்டும். கன்னடம் கற்பது குழந்தைக்கு ஒரு பேறே, ஆனால் தமிழ் கைவிட்டுப் போகாமலிருக்கப் பெற்றோர் உழைக்க வேண்டும். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்குமானால் ஓசூரில் குடியிருப்பது ஒரு நடுவழி: தமிழ்நாட்டுப் பள்ளி கிடைக்கும், நாகர்கோவில் வண்டியும் அங்கே நிற்கும், அத்திப்பள்ளி எல்லை நெரிசலே அதற்குரிய விலை.

இவ்விரு நகரங்களுக்கு அப்பால், நாகர்கோவில் வழியே ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரத்தில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கை நெல்லைக்காரர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் பகுதியிலேயே, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில், 2011 முதல் சோஹோ அலுவலகம் இயங்குகிறது. முன்னதில் வாசல்கள் குறைவு; பின்னதில் ஒரே வாசல். வயது முதிர்ந்த பெற்றோருக்கு ஒரே துணையாக இருப்பவருக்கு இவை முதல் தெரிவாகத் தகும். ஆயினும் வேலை மாறும் நாளில் மீண்டும் குடிபெயர நேரலாம் என்பதை அவர் அறிந்தே சேர வேண்டும்.

இருபதுகளில் இருந்து, பெற்றோர் உடல்நலத்தோடும் உடன்பிறந்தார் ஊரில் துணையாகவும் இருக்க, ஆழமான தொழில்நுட்பத்தில் நாட்டம் கொண்டவர், சம்பளம் சமமாகவே இருந்தாலும் பெங்களூருவைத் தேர்வது சரி. பெற்றோரின் மருத்துவத் தேவைக்காக மாதம் ஒருமுறையேனும் ஊருக்கு வர வேண்டியவர், இருபது விழுக்காடு குறைந்த சம்பளத்திலும் சென்னையைத் தேர்வது சரி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டோர், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், எந்த வளாகத்தில் பணி, மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் சேர்க்கப்படுவரா, விலகும்போது தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்ற நான்கையும் மனிதவள அலுவலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்து வடிவில் பதில் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். தொலைபேசியில் தரப்படும் உறுதி, அதைத் தந்த அலுவலர் வேறு நிறுவனத்துக்குப் போனதும் அவரோடு போய்விடுகிறது.