ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காத தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இந்த ஆண்டும் இடம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வக்கீல் தொழிலை விட்டது தப்போ என்றும் கேட்டிருக்கிறாய். ஓவியர் காண்டின்ஸ்கியைப் பற்றி உனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அவரும் சட்டம் படித்தவர். 1896இல் டோர்பாட் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. அதை வேண்டாமென்றுவிட்டு, முப்பது வயதில் ஓவியம் கற்க மியூனிக் போனார். அங்கே ஃபிரான்ஸ் ஷ்டூக் பெயர்பெற்ற ஆசிரியர். அவர் காண்டின்ஸ்கியின் படங்களைப் பார்த்துவிட்டு, கோடு போதாது, அகாதெமியின் கோட்டோவிய வகுப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வா என்றார். அந்த வகுப்புக்கான தேர்விலும் காண்டின்ஸ்கி தேறவில்லை. வீட்டிலேயே வரைந்து பழகி, மறுபடி அதே ஷ்டூக்கிடம் போனார். 1900இல் சேர்த்துக்கொண்ட ஷ்டூக், வண்ணத்தை ஒதுக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் மட்டும் தீட்டச் சொன்னார். வண்ணத்தின் மேல் இருந்த மோகத்தால் பதவியையே உதறி வந்தவர், தம்பி! அதையும் செய்தார்.

1911இல் நடந்தது வேறு. அவர் முன்னின்று தொடங்கிய ஓவியர் சங்கமே அவருடைய ‘கம்போசிஷன் ஐந்து’ ஓவியத்தை நிராகரித்தது. அளவு பெரிது என்றார்கள். அவர் போன திசை பிடிக்கவில்லை என்பதே உண்மை. இந்த முறை அவர் எதையும் திருத்தவில்லை. சக ஓவியர்களான ஃபிரான்ஸ் மார்க், கப்ரியேலே முன்டர் இருவரோடும் வெளியேறி, அந்த ஆண்டு டிசம்பரில், சங்கம் கண்காட்சி நடத்திய அதே தான்ஹௌசர் காலரியில் ‘நீலக் குதிரைவீரன்’ கண்காட்சியை நடத்தினார்.

பிறகு 1914இல் போர் அவரை ஜெர்மனியிலிருந்து விரட்டியது. திரும்பி வந்து பௌஹௌஸ் கலைப்பள்ளியில் கற்பித்தார். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. 1937இல் ஜெர்மன் அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய 57 படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். இவற்றில் அவர் தம் கையில் குறை தேட ஒன்றுமே இல்லை. பாரிஸ் அருகே குடியேறி, 1944இல் இறக்கும்வரை தீட்டிக்கொண்டிருந்தார்.

உனக்கு வந்த மறுப்புகளையும் இப்படிப் பிரித்துப் பார். உன் படங்களில் விரல்கள் எப்போதும் முந்தானைக்குள்ளோ மேசைக்கு அடியிலோ ஒளிந்துகொள்கின்றன, நானும் கவனித்திருக்கிறேன். தேர்வாளர் அதைச் சொன்னார் என்றால் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அம்மா கீரை ஆயும்போது எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளை வரை, தினமும். வண்ணம் கண்ணை உறுத்துகிறது என்ற காலரிக்காரர் பேச்சை மட்டும் விட்டுத்தள்ளு. உன்னிடம் எனக்குப் பிடித்ததே அந்த வண்ணம்தான்.

வாடகைக்கு வேண்டுமானால் வாரத்தில் சில நாள் உன் சீனியர் வக்கீலிடம் போய் வா. அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. மாதக் கடைசியில் கை வரைந்த தாள்களை அனுப்பு. நன்றாக வராதவற்றையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்