முகத்தில் நீலத் திட்டு: கண்ணைச் சோதிப்பது அவசியம்

தென்காசியை அடுத்த வடகரை போன்ற ஊர்களில், ஒரு பெண்ணின் நெற்றியோரத்திலும் கண்ணைச் சுற்றியும் சாம்பல் கலந்த நீலத் திட்டு காணப்பட்டால், அதனை மங்கு என்பார் சிலர். குட்டமோ என ஐயுற்று விலகுவார் சிலர். இரண்டும் தவறு. மங்கு இரு கன்னங்களிலும் பழுப்பாகப் படர்வது. குட்டத் தேமலில் உணர்ச்சி குன்றியிருக்கும். இத்திட்டோ பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றும், உணர்ச்சி குறையாது, எவருக்கும் தொற்றாது. வெண்விழியிலும் நீலம் படிந்திருப்பதைப் பலரிடம் காணலாம்.

1939-ஆம் ஆண்டில் இதனை விளக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மசாவோ ஓட்டா. அவர் பெயராலேயே இது ‘ஓட்டா மச்சம்’ எனப்படுகிறது. குட்டநோய் ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட அவர், வேறு பெயரில் கவிதையும் நாடகமும் எழுதிப் புகழ் பெற்றவர்.

கருவில் நிறமூட்டும் உயிரணுக்கள் மேல்தோலை நோக்கி நகர்கையில், சில வழியிலேயே தங்கிவிடுவதால் இம்மச்சம் உண்டாவதாகக் கருதப்படுகிறது. ஆழத்தில் உள்ள கருமை வெளியே நீலமாகத் தெரிகிறது. இது பிறவியிலேனும் பூப்பெய்தும் பருவத்திலேனும் வெளிப்படும். ஆசிய மக்களிடையே, அதிலும் பெண்களிடம் மிகுதி. கிரகணத்திற்கும் கண்ணேற்றிற்கும் இதில் தொடர்பில்லை.

கண்ணே இதில் கவலைக்குரியது. மடையில் சேறு தங்கினால் குளத்தில் நீர்மட்டம் ஏறுவதை விவசாயிகள் அறிவர். கண்ணினுள் ஊறும் நீர் வெளியேறும் கோணத்தில் இவ்வணுக்கள் நிறைந்தால், கண்ணழுத்தமும் அவ்வாறே உயரக்கூடும். இம்மச்சம் உடையவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேரிடம் இவ்வுயர்வு காணப்பட்டுள்ளது. தொடக்கத்தில் வலி இராது. பார்வை ஓரங்களிலிருந்து சிறுகச் சிறுகக் குறையும். பார்வை நரம்பு அழிந்தபின் மீட்க வழியில்லை. முன்னரே கண்டால் சொட்டு மருந்தால் காக்கலாம். கண்ணினுள் புற்று தோன்றுவது நம் மக்களிடம் மிக அரிது. ஆயினும் கண்மணியை விரித்து உட்புறத்தையும் சோதிப்பதே முறை.

மணம் பேசுமிடத்தில் இத்திட்டைக் குறையாகச் சுட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. அதற்கு அஞ்சிய பெற்றோர் மறைக்க முயல்வரேயன்றி மருத்துவரிடம் காட்ட எண்ணார். சிலர் சேங்கொட்டையும் சுண்ணாம்பும் இட்டுச் சுடுவர். கண்ணருகே இது பெருங்கேடு. முகப்பூச்சுகளோ அவ்வாழத்தை எட்டுவதில்லை, பணமே வீண்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இத்தகைய குடும்பங்களைத் தென்காசி அரசு மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பிவைத்தல் நலம். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணழுத்தம் அளக்கப்படல் வேண்டும். லேசர் சிகிச்சை பல தவணைகளில் தோலின் நிறத்தை மங்கச் செய்யும். கண்ணினுள் படிந்த நிறத்தை அது தீண்டுவதில்லை. ஆகவே முகம் தெளிந்த பின்னரும் கண் பரிசோதனையை நிறுத்தலாகாது.