எஸ்யூவியின் விலையும் மதிப்பும்: கல்லாவி வட்டாரத்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள கல்லாவியும் அதன் சுற்றுக் கிராமங்களும் ஓசூரின் தொழிற்சாலைச் சம்பளத்தையும் மாங்காய்ப் பருவத்து வரவையும் ஒருசேர நம்பி வாழும் பகுதி என்பதால், அங்கே ஒரு குடும்பம் கார் வாங்க முடிவெடுக்கும்போது மண்சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி ஈடுகொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுவது இயல்பே. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் உடலமைப்பைக் கொண்ட எஸ்யூவி வகைக் கார் இந்த எதிர்பார்ப்புக்குப் பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. பல வேளைகளில் அது சரியான விடையாகவும் இருக்கிறது. ஆனால் விலைக்கேற்ற மதிப்பு என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் தொகையோடு முடிந்துவிடுவதன்று. வண்டி வீட்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் வரிக்கும் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் செல்லும் பணத்தையும், விபத்து ஒன்று நேர்ந்தால் உள்ளிருப்போரை அவ்வண்டி எந்த அளவுக்குக் காக்கும் என்பதையும் சேர்த்தே அது அளக்கப்பட வேண்டும். இந்த அளவீட்டைத் தவறச் செய்யும் நம்பிக்கைகள் சில பரவலாக வேரூன்றியுள்ளன.

நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி எதுவாயினும் அதற்கு வரி குறைவு என்பது அவற்றுள் முதலாவது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தபோது, சிறிய கார் என்பதற்கு நீளம், இன்ஜின் கொள்ளளவு ஆகிய இரண்டையும் வரையறையாக வைத்தது. அதன்பின் நிறுவனங்கள் தங்கள் வண்டிகளை 4,000 மில்லிமீட்டருக்குள் வடிவமைக்கத் தொடங்கின. மறைமலைநகரில் தயாராகி 2013இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இவ்வகை எஸ்யூவிகளை மக்களிடையே பரவலாக்கியது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்த வரையறை தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, நீளம் 4,000 மில்லிமீட்டரையும், கொள்ளளவு பெட்ரோல் இன்ஜினாயின் 1,200 சிசியையும் டீசல் இன்ஜினாயின் 1,500 சிசியையும் தாண்டாத கார்களுக்கு வரி 18 சதவீதம். இவற்றுள் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். சிசி என்பது இன்ஜின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் கடக்கும் மொத்தக் கனஅளவு.

ஆகவே நீளம் மட்டும் வரியைத் தீர்மானிப்பதில்லை. டாடா நெக்ஸானும் மாருதி பிரெஸ்ஸாவும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நெக்ஸானின் 1,199 சிசி பெட்ரோல் இன்ஜின் 18 சதவீதத்துக்குள் நிற்க, பிரெஸ்ஸாவின் 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின் அதை 40 சதவீதத்துக்குக் கொண்டுசெல்கிறது. ஷோரூம் விலை 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத வரி உள்ள வண்டியில் ஏறத்தாழ 8 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய் வண்டிக்கும், எஞ்சியது வரிக்கும் செல்கிறது. 40 சதவீத வரி உள்ள வண்டியில் வண்டிக்குச் சேர்வது 7 லட்சத்து 14 ஆயிரம் மட்டுமே. இதனால் பெரிய இன்ஜின் மோசமான தேர்வு என்று ஆகிவிடாது. டர்போ இல்லாத, எளிய அமைப்புள்ள இன்ஜினை நீண்டகாலம் வைத்து ஓட்ட விரும்புவோருக்கு அந்தக் கூடுதல் வரி ஏற்கத்தக்கதாகவே இருக்கலாம். ஒரே விலையுள்ள இரு வண்டிகளில் ஒரே அளவு பொருள் கிடைக்கிறது என்ற எண்ணமே பிழை.

இதைவிடக் கூர்மையான ஒரு வரிப் படிக்கட்டு மாநில அளவில் உள்ளது. தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தவணையாகக் கட்டும் சாலை வரி, நீண்டகாலம் 10 லட்சம் ரூபாய் வரை 10 சதவீதமாகவும் அதற்கு மேல் 15 சதவீதமாகவும் இருந்தது. அதனால்தான் ‘கர்நாடகத்தில்தான் வரி அதிகம், நம் பக்கம் குறைவு’ என்ற பேச்சு எல்லையோர மக்களிடையே நிலைத்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு தன் விகிதங்களை மாற்றி, 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று அமைத்தது. கர்நாடகத்தில் 10 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்ட கார்களுக்கு அடிப்படை விகிதம் 17 சதவீதம். அதன்மீது மேல்வரி தனியே உண்டு. எஸ்யூவிகள் பெரும்பாலும் விற்கும் விலைப் பிரிவில் இரு மாநிலங்களும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன. பழைய ஒப்பீடு இன்று செல்லாது.

இந்தப் படிக்கட்டு வாங்குவோரை எங்கே தாக்குகிறது என்பது கணக்கிட்டால் தெரியும். 9 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 13 சதவீதப்படி வரி 1,29,350 ரூபாய். 10 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 18 சதவீதப்படி 1,80,900 ரூபாய். ஷோரூம் விலையில் 10 ஆயிரம் ரூபாய் வேறுபாடு, கையில் பதிவுச் சான்று வரும்போது 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடாகிவிடுகிறது. கூரையில் திறக்கும் கண்ணாடிக்காகவோ பெரிய தொடுதிரைக்காகவோ அடுத்த வகைக்குத் தாவுமாறு விற்பனையாளர் பரிந்துரைக்கும்போது, அந்தத் தாவல் 10 லட்சத்தைக் கடக்கிறதா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் அனைத்தும் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் பெறாமல் இரு வண்டிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

‘நிறைய ஓடும் வண்டிக்கு டீசல்தான் மிச்சம்’ என்ற நம்பிக்கையும் இந்த வரியோடு பின்னியது. விளக்கத்துக்காக, பெட்ரோல் வகை 9 லட்சத்து 50 ஆயிரம், டீசல் வகை 10 லட்சத்து 75 ஆயிரம் என்று கொள்ளலாம். விலை வேறுபாடு 1 லட்சத்து 25 ஆயிரம்; வாழ்நாள் வரியின் வேறுபாடு மேலும் 70 ஆயிரம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயாகவும் டீசல் 92 ரூபாயாகவும் இருந்து, முன்னது லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் பின்னது 19 கிலோமீட்டரும் தந்தால், கிலோமீட்டருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 1 ரூபாய் 80 காசு. கூடுதலாகக் கொடுத்த 1 லட்சத்து 95 ஆயிரம் திரும்பி வருவதற்கு வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். வாரம் ஒருமுறை ஓசூருக்குச் சென்று திரும்பி, மற்ற நாட்களில் ஊத்தங்கரைக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் குடும்பம் ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும்.

இதில் பணம் மட்டும் அல்ல, பொறியியலும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ். 6 மாசு நெறிக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். எனப்படும் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரி எரிந்து வடிகட்டி தூய்மையாக வேண்டுமானால், புகை போதுமான வெப்பத்தை அடையும்படி வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடவேண்டும். நெடுஞ்சாலையில் இது தானாக நிகழ்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் உள்ளூர்ப் பயணங்களில் நிகழ்வதில்லை, கரி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிகிறது. டீசலுக்கு எதிராகச் சொல்லப்படும் இன்னொரு கருத்து, பத்தாண்டில் டீசல் வண்டியை ஒழித்துவிட வேண்டும் என்பது. அது டெல்லித் தலைநகர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு எழுந்த தடையே. தமிழ்நாட்டில் தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி பார்த்துப் புதுப்பிக்கலாம்.

எஸ்யூவி என்றால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் என்று எண்ணுவோரும் உள்ளனர். சந்தையில் உள்ள சிறிய எஸ்யூவிகளில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மாந்தோப்புப் பாதைகளுக்கு அதுவே போதும். அங்கே உதவுவது வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும், நல்ல டயரும்தான்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான நம்பிக்கை, உயரமும் எடையும் உள்ள வண்டி தானாகவே பாதுகாப்பானது என்பது. கல்லாவியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கும், தர்மபுரி வழியாகச் சேலத்துக்கும் செல்வோர் சேரும் தேசிய நெடுஞ்சாலை 44 கனரக லாரிகள் இடைவிடாது ஓடும் சாலை. தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் நேர்ந்துவரும் விபத்துகளைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அத்தகைய சாலையில் உள்ளிருப்போரைக் காப்பது உடற்கூட்டின் வலிமை. அதை அளப்பதற்கே 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது; மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி தடுப்பில் மோதும்படி வண்டி செலுத்தப்பட்டு, பொம்மை உடல்களில் பதியும் காயங்களின் அளவைக் கொண்டு நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. உயரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதேபோன்ற மோதல் சோதனைகளை நடத்தும் குளோபல் என்கேப் அமைப்பின் 2024ஆம் ஆண்டு முடிவுகளே சான்று: ஏணிச் சட்டத்தின் மீது கட்டப்பட்ட உயரமான மஹிந்திரா பொலிரோ நியோ ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது; தாழ்வான செடான் காரான மாருதி டிசையர் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து பெற்றது. 2018இலேயே டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றதையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய எஸ்யூவியாலும் வலுவான கூட்டைத் தரமுடியும் என்பது தெளிவாகும்; அதைத் தரும்படி கேட்பது வாங்குவோரின் உரிமை.

உயரம் ஒரு குறையையும் உடன் கொண்டுவருகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே செல்வதால், திடீரென ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கவிழும் வாய்ப்பு கூடுகிறது. கூரைமேல் கேரியர் வைத்து மூட்டைகளை ஏற்றினால் அது மேலும் கூடும். இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு, வண்டி வழுக்கத் தொடங்கும் கணத்தில் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து அதை நேர்ப்படுத்துகிறது. பட்ஜெட் இறுகும்போது விட்டுக்கொடுக்கத் தக்கவை பல உண்டு, இது அவற்றுள் ஒன்றன்று. முன்பக்கத்தில் தடித்த இரும்புக் கம்பியைப் பொருத்தினால் பாதுகாப்பு கூடும் என்பதும் தவறு. அக்கம்பி மோதலின் விசையை நேராகச் சட்டகத்துக்குக் கடத்துவதோடு, காற்றுப்பையை விரியச் செய்யும் உணரிகளின் செயலையும் குலைக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

எல்லைப் பகுதிக்கே உரிய கடைசி நம்பிக்கை, பெங்களூரில் பழைய எஸ்யூவியை மலிவாக வாங்கி, கே.ஏ. எண்ணோடே இங்கு ஓட்டிக்கொள்ளலாம் என்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்தின் புதிய பதிவெண் பெறவேண்டும் என்கிறது. அதற்குக் கர்நாடக அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெறவேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவையும், வண்டிமீது கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35ம் தேவை. வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியை முதலில் கட்டிவிட்டு, கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய பங்கைத் திரும்பப் பெறத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். எனவே பெங்களூர் விலையோடு இந்த வரியையும், திரும்ப வரும் தொகைக்காகக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்த பிறகே அந்த வண்டியை டி.என். 24 அல்லது டி.என். 70 எண் கொண்ட அதே வயதுள்ள உள்ளூர் வண்டியோடு ஒப்பிட முடியும். தடையின்மைச் சான்று கைக்கு வருமுன் முழுத் தொகையையும் கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதும் அவசியம்.