மரம் தேய்க்கும் மெஷின்: விற்பவரும் அறிய வேண்டிய பாடம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. உளி செய்யும் நுண்வேலையை மெஷின் செய்துவிடாது. ஆனால் பலகையைச் சமன் செய்யவும், பீடத்தின் விளிம்பை உருட்டவும் பெல்ட்-டிஸ்க் சாண்டர் பெரிதும் உதவும். மளிகையோடு ஆணி, பெயிண்ட், உப்புத்தாள் ஆகியவற்றையும் வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர்களிடம் கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கத்துத் தச்சர் ஒருவர் பெல்ட் கேட்டு வரலாம். மெஷினைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்ல நம்மை விட்டால் வேறு ஆள் இல்லாமலும் போகலாம். ஆகவே இப்பாடம் நமக்கும் வேண்டியதே.

வேகம்: நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் 6 அங்குல டிஸ்க்கின் விளிம்பு, மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் விரல் பட்டால் தோல் மட்டும் போவதோடு நிற்காது. சிறு துண்டுகளைக் கையில் பிடித்துத் தேய்க்கக் கூடாது. கட்டையில் பொருத்தியோ, பிடிப்பான் கொண்டோ தேய்க்க வேண்டும். கையுறை, தோள் துண்டு, தொங்கும் சட்டைக்கை மூன்றும் ஆகாது. மெஷின் அவற்றைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி அணிவது அவசியம்.

எந்தப் பக்கம்: டிஸ்க்கின் ஒரு பாதி மேசையை நோக்கிக் கீழே இறங்கும், மறு பாதி மேலே ஏறும். இறங்கும் பாதியில் மட்டுமே மரத்தை வைக்க வேண்டும். ஏறும் பாதியில் வைத்தால் துண்டு தூக்கி எறியப்படும். மேசைக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதிகமானால் துண்டு உள்ளே சிக்கும்.

கரண்ட்: மெஷின் ஓடும்போது கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். இல்லையேல் கரண்ட் வந்ததும் அது தானே ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் தானாக விடுபட்டு, மீண்டும் அழுத்தினால்தான் ஓடும் ஸ்விட்ச் உள்ள மெஷினே நல்லது. பெல்ட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். எர்த் இல்லாத இணைப்பு கூடவே கூடாது.

தூள்: மிளகாய் அரவை மில்லில் வேலை பார்த்தவருக்குத் தூளின் தொல்லை தெரியும். மரத்தூள் அப்படிக் காரமாக எரியாது. அதனால்தான் அலட்சியம் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. மூக்குப் பகுதியே முதலில் பாதிக்கப்படும் இடம். கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 தர முகக்கவசமும், தூளை உறிஞ்சும் ஏற்பாடும் வேண்டும். மரம் தேய்த்த மெஷினிலேயே அரிவாளைத் தீட்டுவது பெரும் தவறு. பறக்கும் பொறி தூள் பையில் விழுந்து புகைந்து, பட்டறை மூடிய பிறகு தீயாக மாறலாம்.

நம் பங்கு: பெல்ட்டை மடித்து வைக்காதீர்கள், மடிந்த இடத்தில் அறுந்து போகும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் அகலமான கட்டையில் தொங்கவிடுங்கள். ஒட்டு விட்டுப்போன பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில்கூடத் தள்ளிவிடாதீர்கள். பெல்ட்டின் பின்புறம் அம்புக்குறி இருந்தால், அது ஓடும் திசைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். 80 நெம்பர் கேட்பவரிடம், "முகக்கவசம் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கவசம் விற்பதால் வரும் லாபம் சொற்பம். ஆனால் பத்து விரலும் நல்ல மூச்சும் உள்ள தச்சர்தான் அடுத்த மாதமும் நம் கடைப்படி ஏறுவார்.