பாயும் படமும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)

நான் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்துப் பையன். எங்கள் வீட்டிலிருந்து பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள். எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். ஆனால் பாயைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் நம் விசைப் பாடத்தில் அப்படியே இருக்கிறது.

பாய் எப்படி இழுக்கிறது?

பின்னாலிருந்து காற்று தள்ளினால்தான் படகு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. காற்று பக்கத்திலிருந்து வந்தால் பாய் வளைந்து விமான இறக்கை போல வேலை செய்யும். காற்றுப் படாத பக்கத்தில் அழுத்தம் குறையும். அப்போது படகு முன்னாலும் இழுபடும், பக்கத்திலும் இழுபடும். பக்க விசையைத் தண்ணீருக்குள் இருக்கும் பலகை தடுத்துவிடும். மிஞ்சுவது முன்விசை. காற்றுக்கு நேர் எதிரே மட்டும் போக முடியாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறிப் போக வேண்டும். "காத்தோட மல்லுக்கு நிக்காதடா, சாஞ்சு சாஞ்சு போ" என்று அப்பா சொல்வது இதைத்தான்.

பந்தயப் படகுகள்

பந்தயப் படகுக்கும் இதே விதிதான். 1903-ல் அமெரிக்கா கோப்பையைக் காத்த 'ரிலையன்ஸ்' படகின் பாய்ப்பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேல். தண்ணீருக்குள் அது சுமார் 6 மீட்டர் இறங்கும். எங்கள் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். இங்கே விட்டால் சேற்றில் தட்டி நின்றுவிடும்!

இந்த விளையாட்டு சென்னைக்கும் வந்தது. 1911-ல் சென்னை யாட் கிளப்பைத் தொடங்கியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மறு வருடம் கணிதமேதை ராமானுஜம் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய துறைமுக அலுவலகத்தில்தான்.

படம் பிடித்தவர்

இங்கிலாந்தில் கௌஸ் என்ற ஊரில் பிராங்க் பீக்கன் என்றொரு மருந்துக்கடைக்காரர். பந்தயப் படகுகளைப் படம் எடுப்பதில் பெயர் பெற்றவர். ஆடுகிற படகில் நின்று, இரண்டு கையாலும் பெட்டிக் கேமராவைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் உருண்டையைப் பல்லால் கடித்து ஷட்டரை இயக்குவார். ஒரு சின்னக் கணக்கு: 10 நாட் வேகம் என்றால் விநாடிக்கு சுமார் 5 மீட்டர். ஷட்டர் 1/100 விநாடி திறந்தால் அதற்குள் படகு 5 செ.மீ. நகர்ந்துவிடும். எவ்வளவு கவனம் வேண்டும் பாருங்கள்!

'ரிலையன்ஸ்' படகை 1913-ல் உடைத்துவிட்டார்கள். ஆனால் படங்களும் வரைபடங்களும் இருப்பதால் அதன் மாதிரியை இன்றும் செய்ய முடிகிறது.

நாம் செய்ய வேண்டியது

சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் எழுதினார். கட்டுமரமும் அதில் உண்டு. அதற்குப் பிறகு எஞ்சின் வந்தது, பைபர் படகு வந்தது. எங்கள் குப்பத்தில் பாய் வெட்டித் தைக்கத் தெரிந்தவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவின் படகுக்கு வரைபடம் கிடையாது. அளவெல்லாம் சாணும் முழமுமாக அவர் மனசுக்குள்தான் இருக்கிறது. அவரோடு அது போய்விடக் கூடாது.

நண்பர்களே, அளவு டேப்பும் டிராயிங் போர்டும் கேமராவும் நம்மிடம் இருக்கின்றன. இந்த விடுமுறையில் ஒரு பாய்ப்படகையாவது அளந்து, வரைந்து, படம் எடுப்போம். வாருங்கள், அப்பாவே பிடித்துக் காட்டுவார்.