மிலான்ல வேலை: இங்கிலீஷ் மட்டும் போதுமா? ஆறு லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி போடவேண்டிய கணக்கு

வெளிநாட்டு வேலை பத்தி போன வீடியோ போட்டதும் வந்த மெசேஜ்ல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. அனுப்பினவர் மேலூர் பக்கத்துத் தம்பி. இலந்தைக்குளம் எல்காட் பார்க்ல வேலை, நாலு வருஷ அனுபவம், கைக்கு வர்ற சம்பளம் 45,000. வீட்டுல இருந்தே போய் வர்றதால மாசம் 25,000 மிச்சம் பிடிக்கிறார். நல்ல பையன்.

"அண்ணே, இங்க ஒரு ஏஜென்ட் மிலான்ல வேலை வாங்கித் தர்றேன்னு சொல்றாரு. வருஷத்துக்கு 35,000 யூரோ. ஆறு லட்சம் கட்டணும். மூணு என்கிட்ட இருக்கு, மீதிக்கு அம்மா நகையை வெக்கலாம்னு இருக்கேன். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், இத்தாலி பாஷை தேவையே இல்லைங்கிறாரு. கட்டலாமா?"

கட்டாதீங்கன்னு உடனே பதில் போட்டேன். ஆனா ஏன்னு சொல்ல ஒரு மெசேஜ் பத்தாது. இதே கேள்வியோட இன்னும் நிறைய பேர் இருப்பீங்க, அதனால விரிவாவே எழுதறேன்.

முதல்ல சம்பளம்

35,000 யூரோன்னதும் நம்ம ஆளுங்க என்ன பண்றோம்? யூரோவை நூறு ரூபாய்னு வெச்சுப் பெருக்கி, 35 லட்சம், பன்னெண்டால வகுத்தா மாசம் கிட்டத்தட்ட 2.9 லட்சம்னு வாயைப் பிளக்கறோம். அது கைக்கு வராது. இத்தாலியில ஆஃபர் லெட்டர்ல இருக்கறது பிடித்தங்களுக்கு முந்தின தொகை. அதுல ஊழியர் பங்கா 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல ஐஎன்பிஎஸ்-ங்கிற சமூகப் பாதுகாப்புக்குப் போகும். நம்ம பிஎஃப் மாதிரின்னு நினைச்சுக்கோங்க, ஆனா நெனச்சப்ப எடுக்க முடியாது. அப்புறம் வருமான வரி. 28,000 யூரோ வரைக்கும் 23 சதவீதம், அதுக்கு மேல இன்னும் கூட. மாநிலத்துக்கும் மாநகராட்சிக்கும் தனியா சின்ன வரி உண்டு. கழிவுகள் எல்லாம் போக கைக்குச் சுமார் 2,000 யூரோ வரும். அதுவும் பன்னெண்டா இல்ல, பதிமூணா பிரிச்சு. பதிமூணாவது சம்பளம் டிசம்பர்ல வரும். சில துறையில பதினாலு. பிரிக்கிற எண்ணிக்கை கூடினா மாசத் தொகை குறையும், இதை ஆஃபர் வந்ததுமே கேளுங்க.

இதுல செலவு. மிலான் இத்தாலியிலயே வாடகை அதிகமான ஊர். பகிர்ந்து தங்கற வீட்டுல ஒரு தனி அறைக்கு 700 யூரோன்னு வைங்க. சாப்பாடு நாமளே சமைச்சா 250. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துக்கும் மாச பாஸ் 39. கரண்ட், நெட், போன், கைச்செலவு சேர்த்து மொத்தம் 1,250-ல அடக்கலாம். மிச்சம் 750 யூரோ, அதாவது 75,000 ரூபாய். தம்பி மதுரையிலயே 25,000 சேமிக்கிறார் இல்லையா? அப்ப மிலான் போறதால உண்மையிலேயே கூடுதலா கிடைக்கிறது மாசம் 50,000. குறைச்சல் இல்ல, ஆனா 2.9 லட்சமும் இல்ல.

போய் இறங்கின உடனே ஆகற செலவும் இருக்கு. வீட்டு அட்வான்ஸ் சட்டப்படி மூணு மாச வாடகை வரைக்கும் கேக்கலாம். முதல் மாச வாடகை, முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாடு, வசிப்பு அனுமதி அட்டைக்கு நூறு யூரோவுக்கு மேல, விமான டிக்கெட், டிகிரிக்கு அப்போஸ்டில் முத்திரை. எல்லாம் சேர்த்து நாலு லட்சம் தயாரா வேணும். கூடுதல் சேமிப்பு மாசம் 50,000-ங்கிறதால எட்டு மாசத்துல ஈடுகட்டிடலாம். அட்வான்ஸ் வேற பின்னாடி திரும்பி வரும்.

ஏஜென்ட்டோட ஆறு லட்சத்தையும் சேர்த்தா பத்து லட்சம். இருபது மாசம். நகைக்கடன் வட்டி தனி. முதல் கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம்னா, அதுல முக்கால்வாசிக்கு மேல ஏஜென்ட்டுக்கும் வீட்டுக்காரருக்கும் உழைச்சிருப்பீங்க.

அந்த ஆறு லட்சம் எதுக்கு?

இதைத்தான் தம்பிகிட்ட கேட்டேன். "நுல்லா ஓஸ்தா வாங்கித் தர்றதுக்காம்ணே"ன்னார். இதைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும். நுல்லா ஓஸ்தாங்கிறது வேலைக்கான முன் அனுமதி. அதுக்கு இத்தாலியில இருக்கற முதலாளிதான் அந்த ஊர்க் குடியேற்ற அலுவலகத்துல விண்ணப்பிக்கணும். நீங்களோ, மதுரையில இருக்கற யாரோ போட முடியாது. பெரும்பாலான வேலைகளுக்கு வருஷா வருஷம் ஒதுக்கீடு உண்டு. 2023 நவம்பர்ல இந்தியாவும் இத்தாலியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல, பருவம் சாராத வேலைகளுக்கு இந்தியர்களுக்குன்னே 2023-க்கு 5,000, 2024-க்கு 6,000, 2025-க்கு 7,000 இடம்னு தனியா ஒதுக்கினாங்க. அதுலயும் விண்ணப்பம் போடறது முதலாளிதான்.

போலி அனுமதிக் காகிதம் அங்க எவ்வளவு பெரிய தலைவலின்னா, 2024 அக்டோபர்ல வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக்காரங்களுக்கு ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளையே சரிபார்த்து முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க. நேர்மையாப் போனவங்களும் அதுல மாட்டினாங்க. காகிதம் பொய்யாகி, அங்க போய் வேலை இல்லாம நின்னா என்ன ஆகும்? அதே வருஷம் ஜூன்ல ரோம் பக்கத்து லத்தீனாவுல, பஞ்சாப்ல இருந்து போய் முறையான காகிதம் இல்லாம தோட்டவேலை பார்த்த ஒருத்தரோட கை மிஷின்ல துண்டாச்சு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள்ல இறந்துட்டார்.

நம்ம நாட்டு விதிப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கற ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணியிருக்கணும். உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி. இ-மைக்ரேட் தளத்துல ஏஜென்ட் பேரைப் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. தம்பி பார்த்தார். அந்தப் பேரே அதுல இல்ல.

இங்கிலீஷ் எங்க செல்லும், எங்க செல்லாது

இங்கிலீஷே போதும்ங்கிற இடங்கள் இத்தாலியில இருக்கு, இல்லேன்னு சொல்லல. ரோம்ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு, உலக உணவுத் திட்டம். திரியெஸ்தேயில அப்துஸ் சலாம் 1964-ல ஆரம்பிச்ச இயற்பியல் மையம். மிலான்ல பன்னாட்டு கம்பெனிகளோட ஐடி, நிதி டீம்கள். இதெல்லாம் சின்னச் சின்னத் தீவு. உங்க வேலை அந்தத் தீவுக்குள்ள இருக்கணும், தீவை விட்டு வெளிய வந்தா கடல்தான்.

"இங்கிலீஷ் பேசுறவங்க தேவை"ன்னு அங்க விளம்பரம் வந்தா, பாதி நேரம் அது டீச்சர் வேலையா இருக்கும். மாத்ரே லிங்குவான்னு போட்டிருப்பாங்க, தாய்மொழியா இங்கிலீஷ் பேசுறவர்னு அர்த்தம். நம்ம இங்கிலீஷை அந்தக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. கொஞ்சம் கோபம் வரும், ஆனா நெலமை அதுதான்.

ஆபீஸ்ல இங்கிலீஷ் ஓடினாலும் உங்க வேலை கான்ட்ராக்ட் இத்தாலியன்ல இருக்கும். வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான். வசிப்பு அனுமதிக்குப் போற போலீஸ் அலுவலகத்துல இங்கிலீஷை நம்பி நிக்க முடியாது. சட்டமே மொழியைக் கேக்குது. 2012 மார்ச்ல இருந்து, ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ அனுமதி வாங்கி முதல் தடவையா வர்றவங்க ஒருங்கிணைப்பு ஒப்பந்தம்னு ஒண்ணு கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷத்துல ஏ2 அளவுக்கு இத்தாலியன் பேசக் கத்துக்கணும்ங்கிறது அதுல ஒரு நிபந்தனை. அஞ்சு வருஷம் கழிச்சு நீண்டகால அனுமதிக்கு ஏ2, குடியுரிமைக்கு 2018 டிசம்பர்ல இருந்து பி1. எப்படியும் படிச்சே ஆகவேண்டியதை முன்னாடியே படிச்சுட்டுப் போனா வேலை தேடவும் உதவும், இல்லையா?

பலேர்மோவுல இருக்கற நம்ம ஈழத்துச் சொந்தங்களைப் பாருங்க. சிசிலித் தீவோட அந்த ஊர்ல பல வருஷமா வாழறாங்க. சாந்தா ரொசாலியா கோயிலுக்கு இந்துக்களான தமிழர்களும் மலையேறிப் போய்க் கும்பிடறாங்க. முதல் தலைமுறையில நிறைய பேருக்குக் கிடைச்சது வீட்டு வேலையும் முதியவர்களைப் பார்த்துக்கற வேலையும்தான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்களுக்கு இத்தாலியன் சரளம்.

இதோட மறுபக்கம் நம்ம மதுரையிலயே நடந்திருக்கு. 1606-ல இங்க வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலி முதல்ல உட்கார்ந்து தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு படிச்சார். நூறு வருஷம் கழிச்சு வந்த பெஸ்கியை இன்னிக்கும் வீரமாமுனிவர்னு நம்ம பாடப்புத்தகத்துல படிக்கிறோம், சதுரகராதி போட்டவர். அவங்க வந்த வேலை வேற. ஆனா லத்தீன்ல பேசி மதுரையில காலம் தள்ளிடலாம்னு நினைக்கல பாருங்க.

அப்ப என்னதான் வழி?

தம்பிக்கு நான் சொன்னது ரெண்டு கதவு. ஒண்ணு, இருக்கற கம்பெனிக்கே இத்தாலியில கிளையோ குழும நிறுவனமோ இருக்கான்னு எச்ஆர்கிட்ட விசாரிக்கறது. கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகிப் போற நிபுணர்களுக்கு மேல சொன்ன ஒதுக்கீடு கிடையாது. இன்னொண்ணு ஐரோப்பிய நீல அட்டை. இதுக்கும் ஒதுக்கீடு கிடையாது. 2023-ல விதியைத் தளர்த்தினதுக்கு அப்புறம், டிகிரி இல்லாத ஐடி நிபுணருக்கும் கடைசி ஏழு வருஷத்துல மூணு வருஷ அனுபவம் இருந்தாப் போதும். ஆனா சம்பளம் அந்த நாட்டு சராசரிக்குக் குறையக் கூடாது. ரெண்டுலயும் கம்பெனிதான் விண்ணப்பிக்கும்.

ஆஃபர் வந்தா இம்பத்ரியாத்தி வரிச்சலுகை கிடைக்குமான்னு எழுத்துல கேளுங்க. இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. 2024-ல இருந்து இருக்கற விதிப்படி, உயர் தகுதி உள்ளவங்க, அதுக்கு முந்தின மூணு வருஷம் இத்தாலியில வசிக்காதவங்களுக்கு சம்பளத்துல பாதிக்கு அஞ்சு வருஷம் வருமான வரி இல்ல. குறைஞ்சது நாலு வருஷம் அங்க இருக்கணும், இல்லேன்னா சலுகையைத் திருப்பிக் கட்டணும். அதே குழும கம்பெனியில இருந்து மாற்றலாகிப் போனா மூணு வருஷம் பத்தாது, ஆறு, சில சமயம் ஏழு வருஷம் ஆகும்.

மொழிக்கு ஆன்லைன் வகுப்பு மாசம் 5,000-ன்னு வெச்சு எட்டு மாசம், பரீட்சைக் கட்டணமும் சேர்த்து அம்பது, அறுபதாயிரத்துல ஏ2 முடிக்கலாம். சியெனா பல்கலைக்கழகத்தோட சில்ஸ், பெருஜாவோட செலி, இந்த மாதிரி அங்கீகாரம் உள்ள சான்றிதழா வாங்குங்க. ஏஜென்ட் கேட்டதுல பத்துல ஒரு பங்குதான் இது.

தம்பி நகையை வெக்கல. மூணு லட்சத்தை எஃப்டியில போட்டுட்டு, காலையில ஷிப்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இத்தாலியன் வகுப்புல உக்கார்றார். எச்ஆர்கிட்ட இருந்து இன்னும் பதில் வரல. மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழ குடுத்திருக்கேன். வாடகைக் கட்டத்துல உங்க ஊரையும், சேமிப்புக் கட்டத்துல இப்ப உங்களுக்கு மாசம் மிஞ்சறதையும் மாத்திப் போட்டுப் பாருங்க.